தூரைத் தோண்டாமல் விட்ட தோப்பு

கஜா புயல் எங்கள் தென்னந்தோப்பில் எத்தனை மரத்தைச் சாய்த்தது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவேன்: 94. அதற்குப் பிறகு நோயில் எத்தனை மரம் போனது என்று கேட்டால் கொஞ்சம் தயங்குவேன். அந்தக் கணக்கில் என் கையும் இருக்கிறது. புயலைப் பற்றி எல்லாரும் நிறையப் பேசியாயிற்று. நான் எழுத உட்கார்ந்தது அந்த இரண்டாவது கணக்கை.

பேராவூரணிப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர். மணல் கலந்த செம்மண். 25 அடிக்கு ஒன்றாக அப்பா வைத்து வளர்த்த நெட்டை மரங்கள் 208 நின்றன. 2018 நவம்பர் 16 விடியற்காலை காற்று ஓய்ந்தபின் போய்ப் பார்த்தோம். கிட்டத்தட்டப் பாதி மரம் போயிருந்தது; பலது வேரோடு கிடந்தது, சிலது நடுவில் முறிந்து கிடந்தது. நின்ற மரங்களும் முழுசாக நிற்கவில்லை. ராத்திரி முழுக்கக் காற்று பிடித்து ஆட்டியதில் அடித்தூரைச் சுற்றி மண் வெடித்து, வேர்கள் அறுந்து வெளியே தெரிந்தன. அன்றைக்கு விழுந்ததைத்தான் எண்ணினோம். நின்றதைக் குனிந்து பார்க்க யாருக்கும் மனசில்லை.

நிவாரணமாக மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவித்தார்கள். இழப்புக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500. அந்த 500 ரூபாயில் மரத்தை அறுத்து ஓரம் தள்ளலாம். மண்ணுக்குள் இருக்கும் தூரைப் பெயர்க்க ஜேசிபி வேண்டும். அப்போது எங்கள் பகுதியில் ஜேசிபிக்கு இருந்த கிராக்கியில், மணிக்கணக்கு வாடகை கொடுத்துத் தூர் தோண்ட எங்களிடம் பணம் இல்லை. அறுத்த மரங்களை வேலியோரம் அடுக்கினோம். தூர்களை விட்டுவிட்டோம். "கெடக்கட்டும், மக்கி உரமாயிடும்" என்றார் அப்பா. எனக்கும் அது சரியாகவே பட்டது. அந்தத் தூர்களுக்கு இரண்டு மூன்று அடி தள்ளிப் புதுக் கன்றும் வைத்தோம்.

2020 சித்திரையில், தேங்காய் வெட்டுக்கு வரும் அண்ணன் மரத்திலிருந்து இறங்கியதும் சொன்னார்: "தம்பி, கீழ வரிசையில ரெண்டு மரத்துல குரும்பை தங்கவே மாட்டேங்குது. பாளையும் சின்னதா வருது." குரும்பை என்றால் பிஞ்சுக் காய், பாளை என்றால் பூங்கொத்து. வெயில் காலம், தண்ணீர் பற்றவில்லை போலிருக்கிறது என்று சொல்லி இரண்டு தண்ணீர் கூட விட்டேன். அடுத்த வெட்டிலும் அதையே சொன்னார். அடிமட்டைகள் வாடித் தொங்க ஆரம்பித்திருந்தன. மரத்தைச் சுற்றிப் பாவாடை கட்டியதுபோல் மட்டைகள் தண்டோடு ஒட்டித் தொங்கின. அப்புறம்தான் தூரைப் பார்த்தேன். தரைக்கு மேலே ஒரு அடி உயரத்தில் பட்டையில் வெடிப்பு. அதிலிருந்து செம்பழுப்பு நிறத்தில் சாறு வடிந்து, காய்ந்து கறுத்திருந்தது.

உரக்கடையில் செல்போன் படத்தைக் காட்டினேன். சிவப்புக் கூன்வண்டு என்றார்கள், ஒரு பூச்சிமருந்தையும் கொடுத்தார்கள். ஊற்றினேன். இரண்டு மாதம் போனது. அந்த இரண்டு மாதத்தில் மரத்துக்குப் பக்கத்திலிருந்த இன்னொன்றும் சாறு விட ஆரம்பித்தது.

தென்னைத் தண்டில் பழுப்புச் சாறு வடிந்தால் அதற்கு மூன்று காரணம் இருக்கலாம், மூன்றுக்கும் வைத்தியம் வேறு. கூன்வண்டு என்றால் தண்டில் துளை இருக்கும், துளைக்குள்ளிருந்து மென்று துப்பிய நார் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும், புளித்த வாடை வரும். காதை வைத்துக் கேட்டால் புழு கரம்பும் சத்தமும் சில சமயம் கேட்கும். சாறு வடிதல் நோய் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அது தண்டில் எந்த உயரத்திலும் வெடிப்பு விட்ட இடத்தில் வரலாம், வடிந்து வடிந்து கீழே இறங்கும். எங்கள் மரத்துக்கு வந்தது தஞ்சாவூர் வாடல் நோய். அடித்தண்டழுகல் என்றும் சொல்கிறார்கள். இதில் சாறு தரையை ஒட்டிய தூரில் தொடங்கி, நாளாக நாளாக மேல்நோக்கி ஏறும். துளை இருக்காது, நார் தள்ளியிருக்காது. சந்தேகம் இருந்தால் தூரிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு முழம் தோண்டி வேரைப் பாருங்கள். நல்ல வேர் கெட்டியாக, கீறினால் உள்ளே வெள்ளையாக இருக்கும். நோய் கண்ட மரத்தில் வேர் நிறம் மாறி, கையில் பிசைந்தால் நசுங்கிப் போகும். இந்த ஒரு முழத்தை நான் முதல் நாளே தோண்டியிருந்தால் அந்த இரண்டு மாதம் வீணாகியிருக்காது.

பிறகு ஒரு நாள் வேரையும் தூரில் செதுக்கிய பட்டையையும் பையில் போட்டுக்கொண்டு வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்குப் பைக்கில் போனேன். அங்கிருந்த விஞ்ஞானி அம்மா வேரைக் கையில் வாங்கிக்கொண்டே கேட்ட முதல் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "இந்த மரத்துக்குப் பக்கத்துல கஜாவுல போன மரத்தோட தூர் கெடக்குதா?"

"கெடக்குது மேடம். நிறைய."

"அதுல காளான் பூத்துப் பாத்திருக்கீங்களா? தட்டு மாதிரி, மேல வார்னிஷ் அடிச்ச கணக்கா பளபளன்னு, அடியில வெள்ளையா?"

பார்த்திருந்தேன். முந்தின கார்த்திகை மழையில் தூர்களிலும், வேலியோரம் அடுக்கிய மரங்களிலும் அப்படித் தட்டுத் தட்டாக இருந்தது. என் பையன் ஒன்றைப் பிய்த்து வந்து வீட்டில் வைத்திருந்தான். அழகாக இருந்ததால் நானும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கேனோடெர்மா என்ற பூஞ்சையின் காளான்.

அந்த அம்மா சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். இந்தப் பூஞ்சை செத்த கட்டையிலும் வாழும், உயிருள்ள மரத்தையும் தின்னும். மண்ணுக்குள் விட்ட தூரும் வேரும் அதற்குச் சாப்பாடு, பல வருஷத்துக்குப் போதும். அங்கிருந்து பக்கத்து மரத்தின் வேரைத் தொட்டு ஏறும். வேரில் காயம் இருந்தால் இன்னும் சுலபம். கஜா எங்கள் மரங்களின் வேரையெல்லாம் அறுத்துவிட்டுத்தான் போயிருந்தது. மணல் பாங்கான மண், வெயில் காலத்தில் தண்ணீர்த் தட்டுப்பாடு, இரண்டும் சேர்ந்தால் மரத்துக்குத் தாங்கும் சக்தி குறையும். வேருக்குள் புகுந்து மாதக்கணக்கில் தின்ற பிறகுதான் மேலே மட்டை தொங்கும். நாம் தூரில் சாறு பார்க்கும்போது உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும். உயிருள்ள மரத்தின் தூரிலேயே காளான் பூத்துவிட்டால் அந்த மரத்துக்குச் செலவு செய்வது வீண்.

இந்த நோய்க்குத் தஞ்சாவூர்ப் பெயர் வந்த கதையும் அன்றைக்குத்தான் தெரிந்தது. 1952-இல் டெல்டாவில் ஒரு பெரும் புயல் அடித்தது. அதற்குப் பிறகுதான் பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் இந்த வாடல் பெரிதாகக் கண்ணில் பட்டிருக்கிறது. புயல், அதற்குப் பின்னால் வாடல். எங்கள் தாத்தா காலத்திலேயே நடந்த ஒன்று. 2018-இல் விழுந்த மரங்களைப் பார்த்தபோது எங்களில் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பழைய டைரி ஒன்றில் தோப்பைக் கட்டம் கட்டமாக வரைந்தேன். ஒவ்வொரு மரத்துக்கும் பெயிண்டில் எண் போட்டேன். நின்ற மரம், பழைய தூர், சாறு வடியும் மரம் என்று மூன்று குறி. வரைந்து முடித்ததும் எனக்கு ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. சாறு விட்ட ஏழு மரத்தில் ஐந்து ஒரே வாய்க்கால் வரிசையில் இருந்தன. போர்வெல் தண்ணீரை வரப்போரம் ஒரே வாய்க்காலில் விட்டு, ஒரு மரத்துப் பாத்தி நிரம்பி அடுத்த மரத்துக்கு வழிகிற மாதிரித்தான் நாங்கள் பாய்ச்சினோம். முதல் மரத்தின் தூரைக் கழுவிய தண்ணீர் கடைசி மரம் வரை போனது. மிச்சம் இரண்டும் டிராக்டரில் மாட்டி உழும் ரொட்டவேட்டர் திரும்பும் மூலையில் இருந்தன. அங்கே டிராக்டர் தூரை ஒட்டித் திரும்பி வேரை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. எந்த மருந்துக் கடையும் சொல்ல முடியாத விஷயம் அந்த டைரிப் பக்கத்தில் இருந்தது. தென்னை வைத்திருக்கும் யாராக இருந்தாலும் முதலில் இந்தப் படத்தை வரையச் சொல்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

நான் செய்த பெரிய தப்பு, செத்துக்கொண்டிருந்த மரத்தின் பின்னாலேயே ஓடியது. பணமும் நேரமும் அதற்கே போனது. அதைச் சுற்றி நன்றாக நின்ற எட்டு மரத்தை நான் ஏறிட்டும் பார்க்கவில்லை. இப்போது வரிசையை மாற்றிவிட்டேன். ஒரு மரத்தில் நோய் என்று உறுதியானால் முதல் வைத்தியம் சுற்றியுள்ள மரங்களுக்குத்தான். நோய் மரத்தைக் காப்பாற்ற முடியுமா என்ற கேள்வி அதற்கப்புறம்.

ஏழில் மூன்று மரம் கை மீறிப் போயிருந்தது. இரண்டு மாதம் பூச்சிமருந்து ஊற்றிய மரமும் அதில் ஒன்று. அவற்றை வெட்டினோம். இந்த முறை தூரோடு. ஜேசிபி வைத்துக் கிழங்கு மாதிரி இருக்கும் அடிப்பகுதி முழுவதையும் பெயர்த்து, குழிக்குள் கிடந்த வேர்த்துண்டுகளைக் கையாலேயே பொறுக்கினோம். பச்சைத் தூர் எளிதில் எரியாது. பிளந்து, வெயிலில் காயப்போட்டு, காய்ந்த மட்டையும் பன்னாடையும் போட்டு மூன்று தடவை கொளுத்தினோம். வேலியோரம் அடுக்கியிருந்த பழைய மரங்களும் அதே தீயில் போயின.

மிச்சம் நான்கு மரத்தைச் சுற்றியும் தூரிலிருந்து நாலடி தள்ளி வட்டமாகப் பள்ளம் எடுத்தோம். மூன்றடி ஆழம், ஒன்றரை அடி அகலம். வேருக்கு வேர் தொடுவதை அறுப்பதற்காக இது. எடுத்த மண்ணை வட்டத்துக்குள்ளேயே போட வேண்டும், வெளியே வீசக் கூடாது. முதல் மரத்தில் ஆட்கள் வெளியே போட்டுவிட்டார்கள், திரும்ப அள்ளி உள்ளே போட்டோம். மண்வெட்டியையும் கடப்பாரையையும் கழுவிய பிறகுதான் அடுத்த மரத்துக்கு எடுத்துப் போனோம்.

அடுத்தது வேர் வழியாக மருந்து கட்டுவது, அதாவது சின்னப் பையில் மருந்தை ஊற்றி அதற்குள் ஒரு வேரை விட்டுக் கட்டுவது. எங்களுக்குச் சொன்ன அளவு, 100 மில்லி தண்ணீரில் 2 மில்லி ஹெக்ஸாகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் டிரைடிமார்ஃப் என்ற பழைய மருந்தைக் கேட்கிறார்கள். அது 2018-இலேயே நம் நாட்டில் தடை செய்யப்பட்டது, யாராவது பழைய பாட்டிலை நீட்டினால் வாங்காதீர்கள். வேர் கட்டுவது சுலபமாகத் தெரியும், ஆனால் நான் கட்டிய முதல் பத்துப் பையில் ஆறு பையில் மருந்து அப்படியே இருந்தது. காரணம் வேர். பென்சில் கனத்தில், கருக்காத, உயிருள்ள வேராகப் பார்த்து எடுக்க வேண்டும். தூரை ஒட்டித் தேடினால் முற்றின வேர்தான் கிடைக்கும், மூன்றடி தள்ளித் தேடுங்கள். நுனியைக் கூர்மையான கத்தியால் சாய்வாகச் சீவி, சீவின முனை பையின் அடி வரை மருந்தில் முங்குகிற மாதிரி விட்டு, வாயை நூலால் கட்டி, மண்ணால் லேசாக மூடிவிட வேண்டும். தண்ணீர் பாய்ச்சிய அடுத்த நாளோ மழை நாளிலோ கட்டினால் வேர் குடிக்காது. மண் கொஞ்சம் காய்ந்திருக்கும்போது, காலையில் கட்டினால் மறுநாள் காலையில் பை காலியாக இருக்கும். காலியாகாவிட்டால் வேறு வேரில் திரும்பக் கட்ட வேண்டும். இதைச் சரிபார்க்காமல் விடுகிறவர்கள்தான் மருந்து வேலை செய்யவில்லை என்கிறார்கள். கட்டுவதற்கு முன்னாலேயே காய்களை வெட்டிவிடுங்கள், கட்டியபின் 45 நாள் அந்த மரத்தில் இளநீர்கூடப் பறிக்கக் கூடாது. எங்கள் தோப்பில் பிள்ளைகள் பறித்துவிடக் கூடாது என்று அந்த மரங்களில் சிவப்புத் துணி கட்டிவைத்தேன்.

நோய் மரத்துக்கும் சுற்றியுள்ள மரங்களுக்கும் 1 சதவீத போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லியை, மரத்துக்கு 40 லிட்டர், பாத்தியில் ஊற்றினோம். ஒரு மரத்துக்கு 400 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 400 கிராம் சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து, மயில்துத்தத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற்றிக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் டிரம்மில் மட்டும்தான், இரும்புப் பாத்திரம் கூடாது. கலந்த பிறகு பளபளப்பான அரிவாளை ஒரு நிமிஷம் முக்கி எடுங்கள். செம்பு படிந்து சிவந்தால் சுண்ணாம்பு பற்றவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். கலந்த அன்றே ஊற்றிவிட வேண்டும்.

அப்புறம் நன்மை செய்யும் பூஞ்சை. மரத்துக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு, அதோடு டிரைக்கோடெர்மா விரிடி, நன்றாக மக்கிய சாணி எரு. நாங்கள் புண்ணாக்கையும் எருவையும் டிரைக்கோடெர்மாவோடு கலந்து, மாமர நிழலில் ஈரச்சாக்கு போட்டுப் பதினைந்து நாள் மூடி வைத்தோம். திறந்தபோது மேலே பச்சை படர்ந்திருந்தது. அதைப் பாத்தியில் போட்டு மண்ணோடு கொத்திவிட்டோம். இதில் ஒன்றை மறக்கக் கூடாது. போர்டோ கலவையில் இருக்கும் செம்பு டிரைக்கோடெர்மாவையும் கொன்றுவிடும். எங்கள் ஊரில் ஒருவர் ஒரே நாளில் இரண்டையும் போட்டார், கூலி மிச்சம் என்று. நாங்கள் ஒரு மாதம் இடைவெளி விட்டோம். சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவும் கேட்டு வாங்கிப் போட்டோம். ஆனால் தயாரித்த தேதி பார்க்காமல் வாங்கிய பாக்கெட் ஒன்று காலாவதியாகியிருந்தது. உயிருள்ள சரக்கு இது, தேதி பார்த்து வாங்குங்கள்.

இவ்வளவு செய்தும், எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் தண்ணீரில்தான் வந்தது என்பது என் அபிப்பிராயம். வாய்க்காலை மூடினோம். ஒவ்வொரு மரத்துக்கும் தனிப் பாத்தி, தனிக் குழாய். சித்திரை வைகாசியில் மரம் காயாமல் பார்த்துக்கொண்டோம். தூரை ஒட்டி உழுவதை நிறுத்தினோம். நடுவில் பசுந்தாள் உரத்துக்காகச் சணப்பை விதைத்து, பூத்ததும் மண்ணோடு மடக்கிவிட்டோம். காலி வரிசையில் வாழை வைத்தோம். தென்னைக்குள் வாழை இருந்தால் இந்த நோய் அடங்கியிருக்கும் என்று சொல்கிறார்கள். எங்களுக்கு வாழைத்தார் காசும் வந்தது. தேங்காய் குறைந்த அந்த இரண்டு வருஷம் வீட்டுச் செலவில் பாதியைத் தாங்கியது வாழைதான்.

நான்கில் ஒரு மரம் அடுத்த வருஷம் போனது. மூன்று மரம் நிற்கிறது. மூன்றிலும் சாறு நின்று, பழைய கறை மட்டும் காய்ந்துபோயிருக்கிறது. அதில் ஒரு மரத்தில் புது மட்டை நிமிர்ந்து வந்தபோது வெட்டுக்கு வந்த அண்ணன் மேலிருந்தே கத்தினார்: "தம்பி, குரும்பை நிக்குது!" எனக்குத் தெரிவதற்கு மூன்று மாதம் முன்னாலேயே நோயைச் சொன்னவர் அவர். இப்போது ஒவ்வொரு வெட்டிலும் அவரிடம் டைரியைக் கொடுத்து, எந்த எண் மரத்தில் குரும்பை கொட்டுகிறது, எதில் பாளை சிறுக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். 45 நாளுக்கு ஒரு தடவை ஒவ்வொரு மரத்தின் உச்சியையும் நேரில் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். அதற்குத் தனியாக ஒரு கூலி கொடுக்கிறேன், அதில் கணக்குப் பார்ப்பதில்லை.

நோய்க் குழிகளில் உடனே கன்று வைக்கவில்லை. வேப்பம்புண்ணாக்கும் டிரைக்கோடெர்மாவும் போட்டு ஒரு வருஷம் சணப்பை விதைத்துவிட்டோம். பிறகும் பழைய குழியிலேயே வைக்காமல், வரிசைக்கு நடுவில் தள்ளி வைத்தோம். கஜாவுக்குப் பிறகு பழைய தூர் ஓரம் வைத்த கன்றுகளில் பத்தைப் பிடுங்கி மாற்றினோம், மீதியை அப்படியே விட்டுக் கவனித்து வருகிறோம். கஜா தூர்களில் இதுவரை 60-க்கு மேல் தோண்டியாயிற்று. ஒரே தடவையில் பணம் புரட்ட முடியாது என்பதால், ஒவ்வொரு வருஷமும் தேங்காய்ப் பணத்தில் கொஞ்சம் ஒதுக்கி, டைரிப் படத்தில் நல்ல மரத்துக்கு மிக அருகில் இருக்கும் தூர் எதுவோ அதை முதலில் எடுக்கிறோம்.

மேற்கு வேலிக்கு அந்தப் பக்கம் சித்தப்பாவின் தோப்பு. வேலியை ஒட்டி அவர் பக்கமும் தூர்கள் கிடக்கின்றன, பூஞ்சைக்கு வேலி தெரியாது. இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவருக்கு அது வீண் செலவாகப் பட்டது. போன மாதம் அவர் தோப்பில் ஒரு மரம் சாறு விட்டது. டைரியை எடுத்துக்கொண்டு போய் இருவரும் சேர்ந்து அவர் தோப்பையும் வரைந்தோம். வருகிற வியாழக்கிழமை ஜேசிபி சொல்லியிருக்கிறோம். வாடகை ஆளுக்குப் பாதி. வேலிக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 11 தூர்.